அடிக்கடி விழும் கணினி: லினக்ஸில் கிராஷின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

லினக்ஸ் கணினியில் 'கிராஷ்' என்ற ஒரே சொல் மூன்று வேறு கோளாறுகளைக் குறிக்கிறது. வேலையின் நடுவே பிரவுசரோ ஆவண மென்பொருளோ மட்டும் பட்டென்று மூடிக்கொள்வது ஒன்று. திறந்திருந்த எல்லாமே மறைந்து, பாஸ்வேர்டு கேட்கும் முதல் பக்கம் வந்து நிற்பது இன்னொன்று. கணினி முழுவதும் உறைந்து போவது, அல்லது தானாக அணைந்து எழுவது மூன்றாவது. முதலாவதில் கோளாறு பெரும்பாலும் அந்தப் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவதற்குத் திரையை வரையும் மென்பொருளிலும் கிராபிக்ஸ் டிரைவரிலும் தேட வேண்டும். மூன்றாவதற்குக் கெர்னலையோ, அதற்கும் கீழே இருக்கும் வன்பொருளையோ பார்க்க வேண்டும். நடந்தது எது என்று சரியாகச் சொல்ல முடிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

எப்போதோ ஒருமுறை விழும் புரோகிராமுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மறுபடி திறந்து வேலையைத் தொடரலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை விழுந்தால்தான் தொல்லை. அந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. இது தவறான தொடக்கம். அரை நாள் போகும்; அதுவரை சேர்ந்திருந்த பதிவுகளும் போய்விடும்; காரணம் ரேமில் இருந்தால் புதிதாக நிறுவிய கணினியும் மூன்றாம் நாளே விழும். திரும்பத் திரும்ப வரும் கிராஷ் ஒவ்வொரு தடவையும் ஏதாவது தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது. லினக்ஸ் அந்தத் தடயங்களைப் படிக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறது. அவற்றைப் படித்த பிறகே எதிலும் கைவைக்க வேண்டும்.

முதல் கருவி ஒரு தாளும் பேனாவும். விழுந்த நாள், மணி, நிமிடம், எந்தப் புரோகிராம், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது, வேறு என்னென்ன திறந்திருந்தன என்று ஐந்தாறு தடவை குறித்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: விழுவது எப்போதும் ஒரே புரோகிராமா, வெவ்வேறு புரோகிராம்களா? ஒரே புரோகிராம் ஒரே வேலையைச் செய்யும்போது விழுந்தால் அது மென்பொருளின் பிழை என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். இன்று பிரவுசர், நாளை கோப்பு மேலாளர், மறுநாள் எதுவுமே செய்யாமல் கிடந்த கால்குலேட்டர் என்று விழுந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு பாகுபாட்டைச் செய்யாமல் இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளை ஒவ்வொன்றாக முயன்று வாரக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம்.

லினக்ஸில் புரோகிராம் கிராஷ் ஆகும்போது பெரும்பாலும் அதற்கு ஒரு சிக்னல் வருகிறது. அந்த சிக்னலின் எண்தான் மரணக் காரணம். சிக்னல் 11 என்றால், தனக்கு ஒதுக்கப்படாத நினைவக முகவரியைப் புரோகிராம் தொட்டுவிட்டது என்று பொருள். இதுதான் 'செக்மென்டேஷன் ஃபால்ட்', சுருக்கமாக செக்ஃபால்ட். சிக்னல் 6 வந்தால், உள்ளே ஏதோ தவறிவிட்டது என்று தெரிந்து புரோகிராமே தன்னை நிறுத்திக்கொண்டது. சிக்னல் 9 வந்தால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோனதைக் கண்ட கெர்னல்தான். டெர்மினலிலிருந்து புரோகிராமைத் தொடங்கி, அது விழுந்த பின் வெளியேற்ற எண்ணைப் பார்த்தாலும் இது தெரியும். அந்த எண் 139 என்று இருந்தால் 128-ஐக் கழிக்க வேண்டும், மிச்சம் 11.

இந்த விவரங்கள் தங்கும் இடம் 'ஜர்னல்' என்ற பதிவேடு. உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய பெரிய டிஸ்ட்ரோக்கள் அனைத்திலும் சிஸ்டம்-டி இதைப் பராமரிக்கிறது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை அதைத் திறந்து காட்டும். பூட் என்பதற்கான 'பி' குறியோடு மைனஸ் 1 சேர்த்துக் கொடுத்தால், இப்போதைய ஓட்டத்தை விட்டுவிட்டு, இதற்கு முன் கணினி ஓடியபோது எழுதப்பட்டவை மட்டும் வரும். கணினியே உறைந்து, பவர் பட்டனை அழுத்தி அணைக்க நேர்ந்தபோது பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். கெர்னல் எழுதியவற்றை மட்டும் தனியே காட்ட 'கே' என்ற குறி இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வார், லாக் என்ற ஃபோல்டர்களுக்குள் ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால், பதிவேடு ரேமிலேயே எழுதப்பட்டு, கணினி அணைந்ததும் மறைந்துவிடும்.

பதிவேட்டை முதல்முறை திறப்பவர்கள் சிவப்பு எழுத்துகளைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் கணினியும் ஒவ்வொரு பூட்டின்போதும் பத்துப் பதினைந்து பிழை வரிகளை எழுதும்; அவற்றில் பல மதர்போர்டின் பயாஸ் சரியாக எழுதப்படாததால் வருபவை, எந்தத் தீங்கும் செய்யாதவை. தாளில் குறித்த மணிக்கும் நிமிடத்துக்கும் இங்கேதான் பயன். கிராஷ் நடந்ததற்கு முந்தைய ஓரிரு நிமிடங்களில் புதிதாக என்ன எழுதப்பட்டது என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது. அந்த இடத்தில் எதுவுமே எழுதப்படாமல், சாதாரண வரி ஒன்றோடு பதிவு பாதியில் நின்றிருந்தால் அதுவும் ஒரு தடயம்தான். எழுதக்கூட நேரமில்லாமல் கணினி நின்றிருக்கிறது. மின்சாரம், சூடு, ரேம், கிராபிக்ஸ் அட்டை என்று தேடல் திரும்ப வேண்டும்.

செக்ஃபால்ட் நடக்கும்போது கெர்னல் எழுதும் வரி குறுகியது, ஆனால் அடர்த்தியானது. முதலில் புரோகிராமின் பெயரும் எண்ணும். பிறகு 'செக்ஃபால்ட் அட்' என்பதை அடுத்து ஒரு முகவரி. அதற்குப் பின் ஓர் 'எரர்' எண். கடைசியில், எந்த நூலகக் கோப்புக்குள் இருந்தபோது விழுந்தது என்ற பெயர். முகவரி 0 என்றோ அதற்கு மிக அருகிலோ இருந்தால், இன்னும் நிரப்பப்படாத ஒரு சுட்டியைப் புரோகிராம் பயன்படுத்திவிட்டது. நிரலை எழுதியவர் திருத்த வேண்டிய சாதாரணப் பிழை. எரர் 4 என்றால் இல்லாத இடத்திலிருந்து படிக்க முயன்றது. 6 என்றால் இல்லாத இடத்தில் எழுத முயன்றது. நான்கைந்து கிராஷ்களின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். நூலகத்தின் பெயர் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தால் அந்த நூலகத்தில் சிக்கல். பெயரும் முகவரியும் தடவைக்குத் தடவை மாறினால் சந்தேகம் மறுபடி ரேமின் பக்கம் போகிறது. புதிய கெர்னல்கள், எந்த சிபியு கோரில் ஓடியபோது விழுந்திருக்கலாம் என்பதையும் அந்த வரியிலேயே சேர்த்துச் சொல்கின்றன. ஒரே கோர் எண் மீண்டும் மீண்டும் வருவது புராசசரின் அந்தப் பகுதி பழுதாகிறது என்பதற்கு வலுவான அறிகுறி.

இதைவிட விரிவான சாட்சி 'கோர் டம்ப்'. புரோகிராம் விழுந்த கணத்தில் அதன் நினைவகம் இருந்த நிலையை அப்படியே எடுத்து வைத்த நகல் இது. நினைவகத்தைச் சிறு காந்த வளையங்களால் கட்டிய அந்தக்காலக் கணினிகளில் அந்த வளையத்துக்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது. கோர்டம்ப்சிடிஎல் என்ற கட்டளை, இதுவரை விழுந்த புரோகிராம்களை நேரத்தோடும் சிக்னல் எண்ணோடும் வரிசையாகக் காட்டும். அதிலேயே 'இன்ஃபோ' என்று கேட்டால் பேக்டிரேஸ் கிடைக்கும்: எந்தப் பணியை எந்தப் பணி அழைத்தது, கடைசியில் எங்கே விழுந்தது என்ற சங்கிலி. நிரல் எழுதத் தெரியாதவரும் அதில் வரும் பெயர்களைப் பார்த்துச் சிலவற்றை ஊகிக்கலாம். புகைப்பட மென்பொருள் விழுந்த சங்கிலியின் உச்சியில் என்விடியாவின் பெயரோ மெசாவின் பெயரோ இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த மென்பொருள் அல்ல, கிராபிக்ஸ் டிரைவர். உபுண்டுவில் இதே வேலையை 'ஆப்போர்ட்' என்ற தனிக் கருவி செய்து, வார் ஃபோல்டருக்குள் கிராஷ் என்ற ஃபோல்டரில் சேமிக்கிறது. கோர் டம்ப் கோப்பில் அந்த நேரம் நினைவகத்தில் இருந்த பாஸ்வேர்டுகளும் கடிதங்களும் இருக்கக்கூடும். அதைப் பொது இடத்தில் பகிரவே கூடாது; பேக்டிரேஸ் எழுத்துகளை மட்டும், அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரே புரோகிராம்தான் விழுகிறது என்று உறுதியான பின், அது புரோகிராமின் பிழையா அல்லது அதன் அமைப்புக் கோப்புகளின் பிழையா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து அதே வேலையைச் செய்து பார்ப்பது. அங்கே விழாவிட்டால் பழைய கணக்கில் சேர்ந்துள்ள அமைப்புகளிலோ கேஷிலோ ஏதோ கெட்டிருக்கிறது. அவற்றை அழிக்காமல், ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் புரோகிராமைத் திறந்தால் அது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பலன் இல்லாவிட்டால் பழைய பெயரைத் திருப்பி வைத்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அணைத்துத் திறக்கும் 'ட்ரபிள்ஷூட் மோடு' உள்ளேயே இருக்கிறது. புதிய கணக்கிலும் விழுந்தால், அதே மென்பொருளின் ஃபிளாட்பேக் பதிப்பை நிறுவிப் பார்க்கலாம். ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய பெரும்பாலான நூலகங்களைத் தன்னோடு கொண்டுவருவதால், அது விழாமல் ஓடினால் கோளாறு டிஸ்ட்ரோவின் நூலகத்திலோ அங்கே கட்டப்பட்ட பதிப்பிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிழையே இல்லாத புரோகிராமும் மறைந்து போவது உண்டு. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் நாற்பது டேப்களோடு பிரவுசர், கூடவே ஒரு வீடியோ அழைப்பு, ஒரு பெரிய விரிதாள் என்று ஓடும்போது நினைவகம் தீர்ந்துவிடலாம். அப்போது கெர்னல், கணினி முழுவதையும் காப்பாற்றுவதற்காக அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் ஒன்றைத் தேர்ந்து கொல்கிறது. பதிவேட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரி இருந்தால் விஷயம் அதுதான். அந்த வரி இல்லாமலும் இது நடக்கலாம். ஃபெடோரா 34 முதலும் உபுண்டு 22.04 முதலும் சிஸ்டம்-டியின் ஊம்-டி என்ற காவலாளி இயல்பாகவே இயங்குகிறது. நினைவகம் முற்றிலும் தீர்வதற்கு முன்பே, நெருக்கடி தொடங்கியதுமே அது புரோகிராமை நிறுத்திவிடும். கெர்னல் பதிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. முழு ஜர்னலில் ஊம்-டியின் பெயரைத் தேட வேண்டும். ஸ்வாப் இடத்தைக் கூட்டுவதும், ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்-ரேமை இயக்குவதும் ஓரளவு உதவும். ஆனால் ஒரே புரோகிராம் மணிக்கு மணி நினைவகத்தைக் கூடுதலாக விழுங்கிக்கொண்டே போவது எச்-டாப் என்ற கருவியில் தெரிந்தால் அது நினைவகக் கசிவு. எவ்வளவு ரேம் சேர்த்தாலும் அதையும் தின்றுவிடும்.

மொத்தத் திரையும் விழுந்து லாகின் பக்கம் வருவதற்கு, திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் ஒரு தனிக் காரணம் உண்டு. பழைய எக்ஸ்11 முறையில் க்னோம் மேசைச்சூழலின் ஷெல் விழுந்தாலும் அது மட்டும் மறுபடி எழுந்துகொள்ளும்; திறந்திருந்த ஜன்னல்கள் பிழைத்துக்கொள்ளும். வேலண்டில் திரையை வரைவதும் ஜன்னல்களைத் தாங்குவதும் ஒரே புரோகிராம் என்பதால், அது விழுந்தால் எல்லாமே போய்விடும். க்னோமில் இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை ஷெல்லுக்குள்ளேயே ஓடும் எக்ஸ்டென்ஷன்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாதிப் பாதியாகத் திரும்ப இயக்கிப் பார்த்தால் பதினாறில் ஒன்றை நான்கே சுற்றுகளில் பிடித்துவிடலாம். கிராபிக்ஸ் அட்டை காரணமாக இருந்தால் கெர்னல் பதிவில் அதன் பெயர் வரும். என்விடியா டிரைவர் 'எக்ஸ்ஐடி' என்ற சொல்லோடு ஓர் எண்ணை எழுதும், ஏ.எம்.டி. டிரைவர் 'ரிங்' என்ற பெயரோடு 'டைம்அவுட்' என்று எழுதி, அட்டையை மறுதொடக்கம் செய்ய முயலும்.

வெவ்வேறு புரோகிராம்கள் வெவ்வேறு இடங்களில் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரேம். 1990-களிலேயே, கெர்னலைக் கம்பைல் செய்யும்போது கம்பைலர் சிக்னல் 11-ஓடு விழுந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும் என்பது லினக்ஸ்காரர்களிடையே பாலபாடமாக இருந்தது. ஆனாலும் மனம் முதலில் மென்பொருளைத்தான் குறை சொல்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நேர்ந்தது. 2022 அக்டோபரில் 6.1 கெர்னலுக்கான மாற்றங்களை அவர் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கணினியில் கம்பைல் வேலைகள் காரணம் தெரியாமல் இடையிடையே முறிந்தன. கெர்னலில் புதிதாக ஏதோ பிழை புகுந்துவிட்டது என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். கடைசியில் பார்த்தால், இரண்டரை ஆண்டுகள் பிசகில்லாமல் ஓடிய ஒரு ரேம் ஸ்டிக் கெட்டுப்போயிருந்தது. பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி வகை ரேம் வந்து சேரும்வரை அவர் லேப்டாப்பில் வேலையைத் தொடர்ந்தார்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இயங்குதளம் இல்லாமல் யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கும்; 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் புதிய யுஇஎஃப்ஐ கணினிகளிலும் ஓடுகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு 'ரேம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடக் கூடாது. இரவு முழுதும் ஓட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் நம்பத்தக்கதல்ல. வந்தால், பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேகக்கூட்டல் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்; பிழை நின்றுவிட்டால் அந்த வேகத்தை அந்தக் கணினியால் தாங்க முடியவில்லை. நிற்காவிட்டால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும்.

புராசசர் பழுதாவது அரிது என்றாலும் நடக்கிறது. 2017-இல் ஏ.எம்.டி.யின் முதல் தலைமுறை ரைசன் வந்த சில மாதங்களில், லினக்ஸில் ஒரே நேரத்தில் பல கம்பைல் வேலைகளை ஓட்டியவர்கள் செக்ஃபால்ட்களைச் சந்தித்தார்கள். அவர்கள் சேர்த்துவைத்த பதிவுகளின் பலனாக அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் சிக்கலை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட சிப்களை மாற்றிக் கொடுத்தது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசசர்கள் மிகையான மின்னழுத்தத்தால் மெல்ல மெல்லக் கெடுவது தெரியவந்தது. ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோட் திருத்தம் வெளியானது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே கெட்டுவிட்ட சிப்பை மைக்ரோகோட் குணப்படுத்தாது. அதனால் அந்தத் தலைமுறைக் கணினி அடிக்கடி விழுந்தால், முதலில் பயாஸைப் புதுப்பித்து, பிறகும் விழுந்தால் உத்தரவாதத்தின்கீழ் மாற்றக் கேட்பதே வழி. வன்பொருள் தானே கண்டறிந்த பிழைகளைக் கெர்னல் 'ஹார்டுவேர் எரர்' என்ற சொற்களோடு எழுதும். கிராஷ் நேரத்தில் அந்த வரியைக் கண்டால் பெரும்பாலும் மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிடலாம்.

சூட்டைப் பார்க்க 'சென்சார்ஸ்' என்ற கட்டளை போதும். இன்றைய புராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். மே மாத மதியங்களில் மட்டும் விழும் கணினியில் முதலில் விசிறியில் அடைந்த தூசியைத் துடைக்க வேண்டும். விளையாட்டிலோ வீடியோ எடிட்டிங்கிலோ கிராபிக்ஸ் அட்டை முழு வேகம் எடுத்த நொடியில் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பலமில்லாமல் இருக்கலாம். டிஸ்க்கைப் பொறுத்தவரை ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் பட்டியலில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளின் மதிப்பு நாளுக்கு நாள் கூடினால் உடனே பேக்கப் எடுக்க வேண்டும். 199 மட்டும் கூடினால் டிஸ்க்கை விட்டுவிட்டு சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கலாம். டிஸ்க் நிறைந்துவிட்டாலும் புரோகிராம்கள் விசித்திரமாக விழும். பத்து நொடியில் பார்த்துவிடக்கூடிய இதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

கணினி உறைந்து நிற்கும்போது உடனே பவர் பட்டனை அழுத்தாமல், அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. முடிந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் செத்திருக்கிறது. அந்த நிமிடத்திலேயே பதிவைப் படித்தும்விடலாம். முடியாவிட்டால், ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக அழுத்த வேண்டும். எழுதாமல் மிச்சமிருக்கும் தரவு டிஸ்க்குக்குப் போகும், கோப்பமைப்பு எழுத முடியாதபடி பூட்டப்படும், பிறகு கணினி மறுதொடக்கமாகும். பல டிஸ்ட்ரோக்களில் இவற்றில் சில மட்டுமே இயல்பாக அனுமதிக்கப்பட்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது. 2024-இல் வந்த 6.10 கெர்னல் முதல், ஆதரவுள்ள டிரைவர்களில் பேனிக் செய்தியைத் திரையிலேயே பார்க்கலாம், 6.12 முதல் அதை க்யூஆர் குறியாகவும் காட்ட வழி இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தாலே தடயம் கைக்கு வந்துவிடும்.

கிராஷ் தொடங்கியது ஓர் அப்டேட்டுக்குப் பிறகு என்று தாளில் தெரிந்தால் வேலை எளிது. பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கலாம். அதில் விழாவிட்டால் பிழை புதிய கெர்னலில். அந்த இரண்டுக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் என்ற முறையில் பாதிப் பாதியாகச் சோதித்துப் பத்துச் சுற்றுகளில் குறிப்பிட்ட மாற்றத்தையே காட்டிவிட முடியும்.

பிழையை உருவாக்குநர்களிடம் சொல்லும்போது 'அடிக்கடி விழுகிறது' என்று எழுதினால் பதில் வருவது கடினம். டிஸ்ட்ரோவும் அதன் பதிப்பும், கெர்னலின் எண், கிராபிக்ஸ் அட்டையும் டிரைவரும், என்ன செய்தால் விழுகிறது என்ற படிகள், பேக்டிரேஸ், கிராஷ் நேரத்துக்கு முன்னும் பின்னுமான பதிவு வரிகள் ஆகியவை வேண்டும். மேசைச்சூழலைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பிழைச் செய்திகளும் தமிழில் வரும் என்பதால் வெளிநாட்டு உருவாக்குநரால் அவற்றைத் தேட முடியாது. டெர்மினலில் எல்சி ஆல் என்ற மாறிக்கு 'சி' என்ற மதிப்பைக் கொடுத்து அதே புரோகிராமைத் தொடங்கினால், அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்.

திருத்தம் பலித்ததா என்று தெரிய எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரேமையும் டிரைவரையும் பயாஸையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பின், கிராஷ்களுக்கு இடையே சராசரியாக இருந்த இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சராசரியாக இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாமல் விழுந்துகொண்டிருந்த கணினி, எந்தத் திருத்தமும் நடக்காமலே ஆறு நாள் தொடர்ந்து விழாமல் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஏழாம் நாள் விழுந்துவிட்டால், தாளில் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடத்தின் பதிவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.